தூக்குவாளி எடுத்துக்கிட்டுப் போன நாட்கள்

ஜனவரி 2, 2025, வியாழன்

கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு சணல் சாக்கு மாட்டிவிட்டேன். இன்றிலிருந்து இந்த வீட்டுக்குள் வரும் பிளாஸ்டிக் எதுவும் குப்பை வண்டிக்குப் போகாது, எல்லாம் இதில்தான் விழும். வாரக் கடைசியில் கொட்டிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

இது புத்தாண்டுக்காக எடுத்த முடிவு இல்லை. போன அக்டோபர் 25ஆம் தேதி மதியம் மதுரையில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். செல்லூர் கண்மாய் நிரம்பி, பந்தல்குடி வாய்க்கால் பொங்கி, தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. என் தையல் அறைக்குள்ளும் வந்துவிட்டது. தீபாவளிக்கு வாங்கி வைத்திருந்த பிளவுஸ் துணியில் பாதி நனைந்துவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகு மிஷினைத் துடைக்கக் குனிந்தால், பெடலில் ஒரு சாம்பார் கவர் சுற்றிக்கொண்டு கிடந்தது. ஒரு முனையைப் பல்லால் கடித்துப் பிய்த்திருக்கிறார்கள், வாயில் வெள்ளை நூலால் போட்ட முடிச்சு மட்டும் அவிழாமல் அப்படியே இருந்தது. அது எந்தக் கடைச் சாம்பாரோ, யார் வீட்டு இட்லிக்கு வாங்கியதோ, ஆனால் நானும் அதே மாதிரிதான் கடித்துப் பிய்த்து வாய்க்கால் இருக்கும் ஊரில் வீசிக்கொண்டிருந்தேன். அவ்வளவு மழை பெய்தால் வெள்ளம் வரத்தான் செய்யும், கவர்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் வாய்க்காலைத் தூர்வாரும்போது மண்ணோடு மண்ணாக என்ன வந்தது என்பதைக் கரையில் நின்று பார்த்தவள் நான்.

ஜனவரி 4, சனி

மூன்று நாள்தான் ஆகிறது, சாக்கு கால்வாசி நிறைந்துவிட்டது. இன்றைக்கே கொட்டிப் பார்த்துவிட்டேன். பால் பாக்கெட் ஆறு, மாவுக் கவர் இரண்டு, சாம்பார், சட்னி, சால்னா வந்த கவர் எல்லாம் சேர்த்துப் பதினொன்று, பூ வந்த கவர் இரண்டு, எண்ணெய் பாக்கெட் ஒன்று, பிள்ளைகள் தின்ற சிப்ஸ் பாக்கெட் நான்கு. கைப்பிடி வைத்த கேரி பேக் ஒன்றே ஒன்றுதான்.

இதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கடைக்குத் துணிப்பை கொண்டு போகிறோம், நம்ம வீட்டில் பிளாஸ்டிக் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். துணிப்பைக்குள் என்ன இருந்தது என்று பார்க்கவே இல்லை. நம் வீட்டுக்கு வரும் பிளாஸ்டிக்கில் பாதிக்கு மேல் ஈரமான பண்டத்தோடு வருகிறது. குழம்பு, மாவு, பால், கறி, பூ. இதற்கெல்லாம் பை போதாது, பாத்திரம் வேண்டும். அத்தையிடம் சொன்னேன். “நாங்க ஓட்டலுக்குத் தூக்குவாளி கொண்டு போனவுகதானே” என்று சொல்லிவிட்டு, பரண் மேலே கையைக் காட்டினார். அவர் கல்யாணத்துக்குச் சீராக வந்த மூன்று அடுக்குத் தூக்குவாளி அங்கேதான் இருந்தது, அடியில் பெயர் வெட்டியிருக்கிறது.

ஜனவரி 5, ஞாயிறு

ராத்திரி பரோட்டா. தூக்குவாளியைக் கொண்டு போய் நீட்டினேன். சால்னா ஊற்றும் தம்பி வாங்கவில்லை. “அக்கா, கவர்லதான் அளவு. இதுல ஊத்துனா எம்புட்டுன்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்றான். பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள், கல்லில் முட்டை பரோட்டா கொத்தும் சத்தம், அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பார்த்துக்கொண்டே நின்றேன். கவரின் வாயை இரண்டு விரலால் ஊதி விரிக்கிறான், ஒரு கரண்டி, இன்னொரு அரைக் கரண்டி, அப்புறம் கவரை ஒரு சுழற்று, நூலை மூன்று சுற்று, பட்டென்று அறுக்கிறான். நான்கு நொடிகூட ஆகாது. இந்த வேகத்துக்குத்தான் கடைக்காரர்கள் கவரை விட மாட்டேன் என்கிறார்கள். பிளாஸ்டிக் மேல் அவர்களுக்கு ஒன்றும் ஆசை இல்லை.

“தம்பி, ஒன்றரைக் கரண்டிதானே ஊத்துறீங்க, மூணு பார்சலுக்கு நாலரைக் கரண்டி இதுல ஊத்துங்க” என்றேன். கல்லாவில் இருந்த பெரியவர் சிரித்துவிட்டார். “ஊத்துடா, கணக்குச் சரியாத்தான இருக்கு.” அஞ்சு கரண்டியாகவே விழுந்தது. பரோட்டாவை வாழை இலையில் மடித்து மேலே பேப்பர் சுற்றிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தால் ஆவி பறக்கிறது. கவரில் வாங்கினால் வரும் அந்த ஒரு மாதிரி வாடை இல்லை. சின்னவள்கூடச் சொன்னாள்.

ஜனவரி 7, செவ்வாய்

மாவுக்கடை அக்காவிடம் டப்பா கொடுத்தால் முதலில் டப்பாவைத் தராசில் வைத்து எடையைக் கழித்துவிட்டு ஊற்றுகிறார், கேட்கவே வேண்டியதில்லை. இங்கே எளிதாக முடிந்துவிட்டது.

ஜனவரி 10, வெள்ளி

இன்றைக்கு நடந்ததை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். எதிர்வீட்டு மதினி ஒரு பை கொண்டுவந்தார். ஜவுளிக்கடையில் சேலை போட்டுக் கொடுத்தது, பச்சைக் கலர், கைப்பிடி பிய்ந்துவிட்டது. “துணிப்பைதானே, ஒரு தையல் போட்டுக் குடு” என்றார். சரி என்று வாங்கி, சுருக்கம் போகட்டும் என்று இஸ்திரிப் பெட்டியை மேலே வைத்தேன். வைத்த இடம் அப்படியே சுருங்கிப் பெட்டியில் ஒட்டிக்கொண்டது. கருகின பிளாஸ்டிக் நாற்றம். பருத்தியாக இருந்தால் இந்தச் சூட்டுக்கு ஒன்றும் ஆகாது. இருபது வருடமாகத் துணியோடு புழங்குகிற எனக்கே அது துணி இல்லை என்று தெரியவில்லை. நெய்யாமல் சூட்டில் அழுத்தி ஒட்டவைத்த பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் அது, தண்ணீர் பாட்டில் மூடிக்கு உறவு. வெளிச்சத்தில் பிடித்தால் ஊடும் பாவும் இருக்காது, குட்டிக்குட்டிப் புள்ளி அழுத்தின தடம்தான் தெரியும். ஓர நூலை உருவினால் நூல் வராது, பஞ்சு மாதிரி பிய்ந்துவரும்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த 14 பொருளில் இதுவும் ஒன்று. கேரி பேக், தெர்மகோல் தட்டு, உறிஞ்சுகுழல், தண்ணீர் பாக்கெட், சாப்பாட்டு மேசையில் விரிக்கும் தாள், பிளாஸ்டிக் பூசின பேப்பர் கப் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆறு வருடம் ஆகியும் ஜவுளிப் பையைத் துணி என்று நம்பி வீட்டில் அடுக்கி வைத்திருக்கிறோம். மதினிக்கு மாமாவின் பழைய வேட்டியில் ஒரு பை தைத்துக் கொடுத்தேன், அடியில் இரட்டைத் தையல், கைப்பிடியில் குறுக்குத் தையல். அஞ்சு கிலோ தாங்கும்.

மஞ்சள் கலரில் முக்கித் தரட்டுமா என்று கேட்டதற்கு மதினி வேண்டாம் என்றுவிட்டார். மஞ்சப்பை தூக்கினால் பட்டிக்காடு என்பார்களாம். எங்கள் அப்பா உசிலம்பட்டிச் சந்தைக்கும் கோர்ட்டுக்கும் கல்யாணத்துக்கும் அந்த ஒரே பையைத்தான் அக்குளில் இடுக்கிக்கொண்டு போவார். 2021 டிசம்பர் 23ஆம் தேதி அரசாங்கமே ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று தொடங்கிய பிறகும் அந்தக் கூச்சம் போகவில்லை. எனக்கு அதில் வருத்தம்தான்.

ஜனவரி 13, திங்கள்

போகி. வாசலில் காப்புக் கட்டினோம். வேப்பிலை, ஆவாரம்பூ, கண்ணுப்பிள்ளைப் பூ, மூன்றையும் வாழைநாரில் கட்டி விற்றார்கள். வாங்கினதில் ஒன்றுகூடச் சாக்குக்குள் போகவில்லை. இரண்டு தெரு தள்ளிப் பையன்கள் பழைய பாயோடு சேர்த்து வயர் கூடை, கிழிந்த ரெக்ஸின், பைப் துண்டு எல்லாம் போட்டுக் கொளுத்தினார்கள். பைப், ரெக்ஸினில் இருக்கும் பி.வி.சி. பிளாஸ்டிக் எரிந்தால் டையாக்சின் என்ற நச்சு வரும், அது காற்றோடு போய்விடாது, உடம்புக் கொழுப்பில் தங்கும். போய்ச் சொன்னேன். பாயை மட்டும் எரித்தார்கள், மற்றதை ஒரு பையன் காயலான் கடைக்கு எடுத்துப் போனான். சத்தம் போடாமல் சொன்னதால் கேட்டார்களோ என்னவோ.

ஜனவரி 19, ஞாயிறு

கறிக்கடைக்கு எவர்சில்வர் டப்பா. ஏற்கெனவே இரண்டு பேர் டப்பாவோடு நின்றார்கள், அதனால் கடைக்கார அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது கறியை இலையில்தான் மடித்துத் தருவார்கள், வீட்டுக்கு வருவதற்குள் அப்பாவின் பைக்குள் ரத்தம் கசிந்திருக்கும், அம்மா திட்டுவார். டப்பா அதைவிட மேல்.

அப்புறம் பூ. சாயங்காலம் பூக்கார ஆச்சியிடம் கவர் வேண்டாம் என்றேன். அவர் சொன்னது: “கவருல போட்டா மல்லி வேர்க்கும் தாயி, காலையில பாரு, காம்புக்கிட்ட மஞ்சளா இருக்கும். எலையில வச்சா மூச்சு விடும்.” இன்றைக்கு இலையில் வாங்கி, ஈரத் துணி சுற்றி வைத்திருக்கிறேன். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று பெருமைப்படுகிறோம், அதைப் போட்டுக் கொடுப்பது என்னவோ கவரில்.

ஜனவரி 20, திங்கள்

காலையில் பார்த்தேன். ஆச்சி சொன்னது சரி. பாதி மொட்டு ராத்திரி விரிந்துவிட்டது, ஆனால் வெள்ளை வெளேரென்று இருக்கிறது.

ஜனவரி 24, வெள்ளி

பால் பாக்கெட்டுக்கு எனக்கு வழி கிடைக்கவில்லை. மாட்டுப்பால் ஊற்றுகிறவர் எங்கள் தெருவுக்கு வருவதை நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது. அதனால் இதைக் குறைக்க முடியாது, ஒழுங்காக அனுப்பலாம். தூய்மைப் பணியாளர் அக்கா ஒரு விஷயம் சொல்லிக் கொடுத்தார். மூலையை முழுதாக வெட்டாதீர்கள், அந்த முக்கோணத் துணுக்குதான் கைக்கு அகப்படாமல் சாக்கடைக்குப் போகிறது என்றார். பாதி வெட்டினால் துணுக்கு பாக்கெட்டிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். ஊற்றிய பிறகு அரை டம்ளர் தண்ணீர் விட்டு அலசி (அந்தத் தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்கு), கொடியில் கவிழ்த்துக் காயப்போட வேண்டும். பால் வாடையோடு கொடுத்தால் காயலான் கடையில் வாங்க மாட்டார்கள், காய்ந்ததை வாங்கிக்கொள்கிறார்கள். நம்ம ஊர்க் குப்பை வெள்ளக்கல் கிடங்குக்குத்தான் போகிறது, தூய்மைப் பணியாளர்கள் பிரித்தெடுப்பது போக மிச்சம்தான் அங்கே மலையாகக் கிடக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை முறை கையுறைக்குள் அழுகின சோறும் கவரும் கலந்து வருகிறது என்று அந்த அக்கா சொன்னபோது எனக்குத் தலை நிமிர முடியவில்லை.

பெரியவன் கேட்டான், பிளாஸ்டிக்கில் ரோடு போடலாமே அம்மா என்று. போடலாம். அதைக் கண்டுபிடித்ததே நம்ம ஊரில்தான். திருப்பரங்குன்றம் தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன். 2002இல் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே போட்டுப் பார்த்தார், 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஜல்லியைச் சூடு பண்ணி, அதில் துணுக்காக்கின பிளாஸ்டிக்கைத் தூவினால் உருகிக் கல் மேல் படலமாக ஒட்டிக்கொள்ளும், அப்புறம் தார். ஆனால் அதற்கும் சுத்தமான, காய்ந்த, பிரித்த கவர்தான் வேண்டும், பி.வி.சி. சேரக் கூடாது. சாம்பாரோடு முடிச்சுப் போட்டு வீசுகிற கவர் எந்த ரோட்டுக்கும் போகாது. மகனிடம் இதைத்தான் சொன்னேன், சாயங்காலம் அவனே பால் பாக்கெட்டை அலசினான்.

பிப்ரவரி 1, சனி

இந்த வாரம் முடியவில்லை. அத்தைக்குக் காய்ச்சல், மூன்று நாள் ஆஸ்பத்திரி. இட்லி, கஞ்சி, ரசம் எல்லாம் எதிரே இருந்த கடையில் கவரில்தான் வந்தது. டீ கூடக் கவரில்! கொதிக்கக் கொதிக்க ஊற்றி நூல் கட்டி, கூடவே நாலு பேப்பர் கப். அந்தக் கப்புக்குள்ளேயும் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு உண்டு. 100 மில்லி சுடுநீரை 15 நிமிடம் அதில் வைத்தால் 25,000 நுண்துணுக்கு தண்ணீரில் இறங்குகிறது என்று காரக்பூர் ஐ.ஐ.டி. ஆட்கள் 2020இல் கண்டுபிடித்துச் சொன்னார்கள். காய்ச்சல்காரருக்கு அதில் கொடுத்ததை நினைத்தால் இப்போதும் மனசு கேட்கவில்லை. மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் பிளாஸ்கும் இரண்டு டம்ளரும் வீட்டிலிருந்து கொண்டுவந்தார். ஆஸ்பத்திரிக்கு என்று எடுத்து வைக்கும் பையில் துண்டு, சீப்பு, ரிப்போர்ட்டோடு இனி ஒரு டம்ளரும் தூக்குவாளியும் இருக்க வேண்டும். பை இப்போதே தயார் பண்ணிக் கட்டில் அடியில் வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தெப்பம். அத்தை தேறிவிட்டார், ஆனால் கூட்டத்துக்கு வர முடியாது என்றார். நானும் பிள்ளைகளும் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குச் சாயங்காலமே போய்ப் படியில் இடம் பிடித்தோம். திருமலை நாயக்கர் 1645இல் வெட்டின குளம். மைய மண்டபத்தில் விளக்கு, வடம் பிடித்து இழுக்கத் தெப்பம் அசைந்து வருகிறது, அம்மனும் சுவாமியும் வெளிச்சத்தில். கண் நிறைந்தது.

அன்னதானப் பந்தல் ஒன்றில் பாக்குமட்டைத் தட்டில் சாம்பார் சாதம் கொடுத்தார்கள். பக்கத்திலேயே பெரிய குடத்தில் தண்ணீர், எவர்சில்வர் டம்ளர், கழுவிக் கழுவிக் கொடுக்க இரண்டு பேர். இன்னொரு பந்தலில் பிளாஸ்டிக் டம்ளர். இரண்டுக்கும் நடுவில் முப்பது அடி இருக்கும். அந்த இரண்டாவது பந்தல் முன்னால் தரை தெரியவில்லை, மிதித்தால் நொறுங்குகிற சத்தம். காற்றடித்தால் டம்ளர் உருண்டு உருண்டு படிக்கட்டு வழியாகத் தண்ணீருக்குப் போகிறது. சின்னவள் ஒன்றைப் பிடித்தாள், அப்புறம் இன்னொன்று, கொஞ்ச நேரத்தில் தெரியாத பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒரு போலீஸ்கார அம்மா ஒரு சாக்கு கொண்டுவந்து கொடுத்தார். பந்தல்காரரிடம் போய், அடுத்த வருடம் டம்ளர் கழுவ நானும் வருகிறேன், நாலு பேரைக் கூட்டி வருகிறேன் என்று சொன்னேன். போன் நம்பர் எழுதி வாங்கிக்கொண்டார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

சாக்கைக் கொட்டினேன். ஒன்றாம் தேதிக்கு அப்புறம் வந்தது மட்டும், பதினைந்து நாள் கணக்கு. பால் பாக்கெட் முப்பது, எல்லாம் காய்ந்தது. எண்ணெய் பாக்கெட் இல்லை, செக்குக் கடையில் கேனில் வாங்கத் தொடங்கியாகிவிட்டது. குழம்புக் கவர் இரண்டு, விருந்தாளி வாங்கி வந்தது. மருந்து அட்டை கொஞ்சம். சிப்ஸ், பிஸ்கட் பாக்கெட் மட்டும் பத்தொன்பது. உள்ளே வெள்ளி மாதிரி மின்னுகிறதே அது பல அடுக்கை ஒட்டின தாள், பிரிக்க முடியாது, காயலான் கடையிலும் வாங்க மாட்டார்கள். இதற்கு நான் இன்னும் ஒன்றும் பண்ணவில்லை. பிள்ளைகளோடு சண்டை போட்டுப் பிடுங்க மனசில்லை. ராத்திரி முறுக்கு மாவு பிசைந்து வைத்திருக்கிறேன், கடலை வண்டி அண்ணன் பேப்பர்ப் பொட்டலத்தில் தருகிறார், பார்ப்போம்.

பரோட்டாக் கடைக்கு இன்றைக்கு இவர் போனார். சால்னா ஊற்றும் தம்பி வாளியைக் கேட்டு வாங்கினானாம். “அக்கா வரலியாண்ணே, நாலரைக் கரண்டிதானே?”