விளம்பரம் இல்லாத விளம்பர இடைவேளைகள்

அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி 1985ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி, அதாவது பேய் வேடமிட்டுக் கொண்டாடும் ஹாலோவீன் பண்டிகைக்கு மறுநாள், ஒளிபரப்பிய 'தி மிட்நைட் அவர்' என்னும் பேய்ப் படத்தை, ஊரிலிருந்து வந்திருந்த அத்தையோடு அண்மையில் ஓர் இரவு பார்த்தேன்.

அமெரிக்காவின் வடகிழக்கே நியூ இங்கிலாந்துப் பகுதியில் உள்ளதாகச் சொல்லப்படும் பிட்ச்ஃபோர்டு கோவ் என்ற கற்பனை ஊரில், நண்பர்கள் ஐவர் அருங்காட்சியகத்தில் மாறுவேட உடைகளைத் திருடிக்கொண்டு, கல்லறைத் தோட்டத்துக்குப் போய், அங்கே ஒரு பழைய மந்திரச் சுருளை வாய்விட்டுப் படித்துவிடுகிறார்கள். உடனே சூனியக்காரியான இரத்தக் காட்டேரி, ஓநாய் மனிதன், இன்னும் பெயர் வைக்க முடியாத பல பிணங்கள் எல்லாம் எழுந்து வருகின்றன. "எழுத்து தெரிஞ்சுட்டா எதை வேணும்னாலும் வாசிச்சுடறதா?" என்று அத்தை கேட்டார், எனக்கும் அது நியாயமான கேள்வியாகவே பட்டது. படத்தின் சிறந்த வேடிக்கை அதன் பிறகுதான் வருகிறது: எழுந்த பிணங்கள் நேராக மாறுவேட விருந்துக்குள் நுழைகின்றன, அங்கே எல்லோருமே பேய் வேடத்தில் இருப்பதால் ஒருவருக்கும் சந்தேகம் எழவில்லை. வானொலி அறிவிப்பாளராக வருபவரின் பெயரே உல்ஃப்மேன் ஜாக், அதாவது 'ஓநாய் மனிதன்' ஜாக். அவர் உண்மையிலேயே அமெரிக்காவின் புகழ்பெற்ற வானொலிக் குரலாக விளங்கியவர்.

எங்களைப் பாடாய்ப் படுத்தியது காட்டேரி அல்ல, விளம்பர இடைவேளை. தொலைக்காட்சிக்கென்றே எடுக்கப்பட்ட அக்காலப் படங்களில், பார்வையாளர் விளம்பரத்தின்போது வேறு அலைவரிசைக்குத் தாவிவிடாமல் இருக்க, ஒவ்வொரு இடைவேளைக்கு முன்பும் ஒரு திகிலை வைத்துத் திரையைக் கருப்பாக்கிவிடுவார்கள். நான் போட்ட பிரதியில் விளம்பரங்கள் நீக்கப்பட்டிருந்தன, கருப்பு மட்டும் அப்படியே இருந்தது. முதல் கருப்பில் அத்தை "முடிஞ்சுதா?" என்று எழுந்து பாயை உதறினார். அடுத்ததில் மின்சாரம் போய்விட்டதென்று சமையலறைக்கு மெழுகுவத்தி எடுக்கப் போனார். அவர் திரும்புவதற்குள் ஊரில் இன்னும் சிலர் காட்டேரியாகியிருந்தார்கள். அதற்குப் பிறகு, படத்தை நிறுத்தி, இந்த வழக்கத்தை அவருக்குப் பொறுமையாக விளக்க வேண்டியதாயிற்று.

விளக்கம் அளவுக்கு மீறி வேலை செய்தது. நள்ளிரவுக்குள் சாபம் முறிய வேண்டும் என்ற உச்சகட்டத்தில் திரை மறுபடியும் இருண்டது. மின்விசிறியும் தெருவிளக்கும் சேர்ந்து நின்றுபோனதைக் கண்டு நான் டார்ச்சைத் தேட எழுந்தபோது, அத்தை என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"பேசாம இரு, விளம்பரம்தான். இப்போ வந்துடும்."