'டக்' ஒலியோடு நின்றுபோகும் டீசல் என்ஜின்: சோலனாய்டைக் கழற்றுவதற்கு முன்

சாவியைத் திருப்பியதும் ஒரே ஒரு 'டக்' ஒலி மட்டும் கேட்டு, என்ஜின் சுழலாமல் நின்றுவிட்டால், ஸ்டார்ட்டர் மோட்டாரை இயக்கும் மின்காந்த சுவிட்சான சோலனாய்டு போய்விட்டது என்று உடனே முடிவுகட்டுபவர்களே அதிகம். நான் அந்த ஒலியை வேறு விதமாகவே எடுத்துக்கொள்கிறேன். சோலனாய்டின் சுருளுக்கு மின்சாரம் வந்திருக்கிறது, உள்ளிருக்கும் பிளஞ்சர் என்ற இரும்புத் தண்டு நகர்ந்திருக்கிறது என்பதற்கு அது சான்று. எனவே கீ சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச், ரிலே ஆகியவற்றை அநேகமாகச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். எஞ்சியிருப்பவை பேட்டரி, தடித்த கேபிள்கள், சோலனாய்டின் உள்ளே இருக்கும் செம்புக் கான்டாக்ட்டுகள், ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகியவைதான். இவற்றுள் எது என்பதை மல்டிமீட்டர் சொல்ல வேண்டும், ஊகம் அல்ல.

சோலனாய்டு இரண்டு வேலைகளைச் செய்கிறது. மோட்டாரின் சிறிய பற்சக்கரமான பினியனை முன்னே தள்ளி, என்ஜினின் ஃப்ளைவீலைச் சுற்றியுள்ள ரிங் கியரோடு சேர்ப்பது ஒன்று. செம்புக் கான்டாக்ட்டுகளை மூடி, பேட்டரியின் பெரும் மின்னோட்டத்தை மோட்டாருக்கு அனுப்புவது மற்றொன்று. இதற்காக அதனுள் இழுக்கும் சுருள், பிடிக்கும் சுருள் என இரண்டு சுருள்கள் உள்ளன. பிடிக்கும் சுருளின் மறுமுனை நேரடியாக உடலோடு, அதாவது பேட்டரியின் நெகட்டிவ் பக்கத்தோடு, எர்த் ஆகிறது; இழுக்கும் சுருளின் மறுமுனையோ மோட்டார் டெர்மினலில் இணைந்து, மோட்டாரின் வழியாகவே எர்த்தை அடைகிறது. கான்டாக்ட்டுகள் மூடியதும் மோட்டார் டெர்மினலிலும் பேட்டரியின் மின்னழுத்தமே வந்துவிடுவதால், இழுக்கும் சுருளின் இரு முனைகளும் சமமாகி, அதில் மின்னோட்டம் நின்றுவிடுகிறது. அதன்பின் பிளஞ்சரை இருத்தி வைப்பது பிடிக்கும் சுருள் மட்டுமே.

இந்த அமைப்பை மனத்தில் வைத்துக்கொண்டால் பல அறிகுறிகள் தாமாகவே விளங்கும். 'டக்டக்டக்' என்று தொடர்ந்து அடித்தால், கான்டாக்ட் மூடிய கணத்தில் மின்னழுத்தம் சரிந்து, பிளஞ்சர் பின்வாங்கி, மின்னழுத்தம் மீண்டதும் மறுபடி இழுக்கப்படுகிறது என்று பொருள். பெரும்பாலும் பேட்டரியோ அதன் இணைப்போதான் காரணம். பேட்டரியும் இணைப்புகளும் நன்றாக இருக்கின்றன என்று உறுதிசெய்த பிறகும் அப்படியே அடித்தால், பிடிக்கும் சுருள் அறுந்திருக்கலாம். மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ்கள் முற்றிலும் தேய்ந்துவிட்டால், இழுக்கும் சுருளுக்கு எர்த் கிடைக்காமல் சோலனாய்டு அசையாமலே இருந்துவிடுவதும் உண்டு. அப்போது பழி சோலனாய்டின் மேலும், பழுது மோட்டாரிலும் இருக்கும்.

டீசல் என்ஜினின் அழுத்த விகிதம், அதாவது சிலிண்டருக்குள் காற்று எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்பது, பொதுவாக 14 முதல் 22 வரை இருப்பதால், அதைச் சுழற்றப் பல நூறு ஆம்பியர் தேவைப்படுகிறது. 300 ஆம்பியர் பாயும் பாதையில் 0.01 ஓம் மின்தடை இருந்தாலே 3 வோல்ட் வீணாகிவிடும். இவ்வளவு சிறிய மின்தடையைச் சாதாரண மீட்டரின் ஓம் அளவீடு காட்டாது. ஆகவே என்ஜினைச் சுழற்றும்போதே மின்னழுத்த இழப்பை அளப்பதுதான் நம்பத்தக்க வழி. கியரை நியூட்ரலில் வைத்து, கை பிரேக்கைப் போட்டு, எரிபொருளை நிறுத்திய பிறகே இதைத் தொடங்க வேண்டும்.

12 வோல்ட் அமைப்பில், சும்மா இருக்கும்போது 12.6 காட்டும் பேட்டரி, சுழற்றும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால், முதலில் அதைத்தான் பரிசோதிக்க வேண்டும். அடுத்து, பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் ஸ்டார்ட்டரின் பேட்டரி டெர்மினலுக்கும் இடையே அளந்தால் இழப்பு அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது. கேபிளின் கிளாம்பின் மேல் அல்லாமல் முனையின் மேலேயே மீட்டர் ஊசியை வைக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் ஸ்டார்ட்டர் உடலுக்கும் இடையிலும் இதே சோதனை தேவை. இந்த எர்த் பாதையில் இருக்கும் பட்டையைப் பார்க்காமல் விடுவது ஏனோ எல்லோருக்கும் வழக்கமாக இருக்கிறது.

கடைசியாகச் சோலனாய்டின் இரு பெரிய டெர்மினல்களுக்கு இடையே அளக்கலாம். 'டக்' ஒலி கேட்ட பிறகும் பேட்டரியின் மின்னழுத்தம் முழுவதும் அங்கேயே தெரிந்தால், கான்டாக்ட்டுகள் எரிந்து சேராமல் நிற்கின்றன. சோலனாய்டின் மேல் குற்றம் சாட்ட இதுவே தெளிவான ஆதாரம். அளவு பூஜ்யத்தை ஒட்டி இறங்கியும் மோட்டார் சுழலவில்லை என்றால், பழுது மோட்டாரில் அல்லது இறுகிப்போன என்ஜினில் இருக்கிறது. கிராங்க் ஷாஃப்ட்டைக் கையால் திருப்பிப் பார்த்தால் இரண்டாவது ஐயம் தீரும்.

ஒலியே எழவில்லை என்றால், சாவியைத் திருப்பிப் பிடித்த நிலையில், கீ சுவிட்ச் பக்கத்திலிருந்து கம்பி வந்து சேரும் சோலனாய்டின் சிறிய டெர்மினலை அளக்க வேண்டும். அங்கே மின்னழுத்தம் வராவிட்டாலோ குறைந்து வந்தாலோ பழுது சுவிட்ச் பக்கம். முழுமையாக வந்தும் அசைவில்லை என்றால் சுருளோ பிரஷ்ஷோ, அல்லது இறுகிக்கொண்ட பிளஞ்சரோ.

ஸ்க்ரூடிரைவரை வைத்து டெர்மினல்களை இணைக்கும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. மெக்கானிக்கல் எரிபொருள் பம்ப் உள்ள பழைய டீசல் என்ஜின், எரிபொருள் திறந்திருந்தால், சாவி இல்லாமலே ஓடத் தொடங்கிவிடும். கியரில் இருந்தால் வண்டி ஆள்மேல் ஏறிவிடும்.

சோலனாய்டின் மூடி திருகால் பொருத்தப்பட்ட சில வகைகளில் செம்புக் கான்டாக்ட்டுகளை மட்டும் மாற்றலாம். அடைத்து மூடப்பட்டவற்றை முழுமையாகத்தான் மாற்ற வேண்டும். எதுவானாலும் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளை முதலில் கழற்றிவிட வேண்டும். பலவீனமான பேட்டரியை அப்படியே விட்டுவிட்டுச் சோலனாய்டை மட்டும் மாற்றுவதில் பயனில்லை. மின்னழுத்தம் குறைந்து பிளஞ்சர் தடுமாறும் ஒவ்வொரு முறையும் கான்டாக்ட்டுகளுக்கு இடையே தீப்பொறி எழுந்து, புதிய செம்பும் விரைவில் அதே போல் எரிந்துபோகும்.