திரினா ஆற்றுப் பாலமும் சொக்கொல்லு மெஹ்மெத் பாஷாவும்

கிழக்கு பொஸ்னியாவின் மலைகளுக்கு நடுவே உள்ள விஷெகிராட் என்ற சிற்றூருக்கு நான் சென்றது, அங்கே திரினா ஆற்றைக் கடக்கும் பழைய கல்பாலத்தைக் காண்பதற்காகவே. உதுமானியப் பேரரசின் தலைமை வசீர் (முதன்மை அமைச்சர்) சொக்கொல்லு மெஹ்மெத் பாஷாவின் ஆணைப்படி, கட்டடக் கலைஞர் சினான் 1571 முதல் 1577 வரை அதை எழுப்பினார். நீளம் ஏறத்தாழ 180 மீட்டர். பச்சை நீரின் மேல் 11 வளைவுகள். பாலத்தின் நடுப்பகுதி இருபுறமும் அகன்று, ஒருபுறம் கல்லிருக்கையும் எதிர்ப்புறம் கல்வெட்டும் கொண்டிருக்கிறது. உலகப் போர்கள் இரண்டிலும் சிதைந்து மீண்ட இந்தப் பாலத்தில்தான் 1992-இல், பொஸ்னியப் போரின்போது, ஊரின் பொஸ்னிய முஸ்லிம்கள் பலர் கொல்லப்பட்டு ஆற்றில் வீசப்பட்டார்கள் என்பதை, அங்கே நின்றுகொண்டு மறக்க இயலாது.

பாஷா பிறந்த சொக்கொலோவிச்சி கிராமம் இந்த வட்டாரத்திலேயே, ருடோ என்ற ஊரின் அருகே இருக்கிறது. ஏறத்தாழ 1505-இல் செர்பியக் கிறித்தவக் குடும்பமொன்றில் பிறந்த அவரை, ‘தேவ்ஷிர்மே’ என்ற முறையில் உதுமானிய அதிகாரிகள் சிறுவயதிலேயே பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுசென்றார்கள். மதம் மாற்றி, அரண்மனைப் பள்ளியில் பயிற்றுவித்து, அரசுக்கு ஊழியம் செய்யவைக்கும் முறை அது. அதில் உயர்ந்தவர்களின் கதையை மட்டும் சொல்லி அம்முறையைப் புகழ்வது எனக்கு உடன்பாடில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்களின் கணக்கை எந்தப் பதவியும் நேர்செய்துவிடாது. ஆனாலும் அவர் தம் மண்ணோடு உறவை முறித்துக்கொள்ளவில்லை. அவர் வசீராக இருந்த 1557-இல் பெச் நகரின் செர்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபைத் தலைமைப் பீடம் மீண்டும் நிறுவப்பட்டபோது, அதன் முதல் தலைவரான மகாரியே அவருடைய உறவினரே.

1546-இல் கடற்படைத் தலைவர் பார்பரோசா மறைந்தபின் அவரிடத்தில் கடற்படைத் தலைவர், பின்னர் பால்கன் பகுதி மாகாணமான ருமேலியாவின் ஆளுநர், 1565-இல் தலைமை வசீர் என்று அவர் படிப்படியாக ஏறினார். இதற்கிடையே, பின்னாளில் இரண்டாம் செலிமாக அரியணை ஏறிய இளவரசரின் மகள் எஸ்மாஹான் சுல்தானை மணந்து அரச குடும்பத்தின் மருமகனும் ஆனார்.

அவருடைய ஆற்றல் முழுமையாக வெளிப்பட்டது 1566 செப்டம்பரில் என்பேன். ஹங்கேரியின் சிகெத்வார் கோட்டையை முற்றுகையிட்டிருந்த வேளையில், கோட்டை விழுவதற்குச் சற்று முன்னர் முதிய சுல்தான் சுலைமான் கூடாரத்திலேயே இறந்துபோனார். செய்தி பரவினால் படை கலையும், அரியணைக்குக் குழப்பம் வரும் என்பதை உணர்ந்த பாஷா, மரணத்தை வாரக்கணக்கில் மறைத்துவைத்து, சுல்தானின் பெயரிலேயே ஆணைகளை அனுப்பி, கோட்டையையும் பிடித்து, செலிம் வந்துசேரும்வரை படையைக் கட்டுக்குள் வைத்திருந்தார்.

செலிமின் காலத்தில் ஆட்சியை உண்மையில் நடத்தியவர் அவரே. இந்தியப் பெருங்கடலில் போர்த்துகீசியரை எதிர்க்கச் சூயஸில் கால்வாய் வெட்டவும், 1569-இல் தோன் ஆற்றை வோல்கா ஆற்றுடன் இணைக்கவும் எண்ணினார், இரண்டும் கைகூடவில்லை. அவர் விரும்பாத சைப்ரஸ் போரின் தொடர்ச்சியாக 1571-இல் லெபாண்டோ கடற்போரில் உதுமானியக் கடற்படை அழிந்தது. ஆயினும் அடுத்த ஆண்டே புதிய கப்பற்படையைக் கடலில் இறக்கியது, கனவு காண்பவர் மட்டுமல்லர், காரியம் முடிப்பவரும்கூட என்பதைக் காட்டியது.

இஸ்தான்புல்லில் ஹிப்போட்ரோம் சதுக்கத்திற்குக் கீழே, கதிர்கா பகுதியின் செங்குத்தான சரிவில் அவர் பெயர் தாங்கிய மசூதி உள்ளது. இதுவும் சினானின் படைப்பே. வகுப்பறைக்கு அடியில் செல்லும் படிகளில் ஏறினால், மதரசா அறைகள் சூழ்ந்த முற்றம் திறக்கிறது. உள்ளே இஸ்னிக் ஓடுகளின் நீலமும் பச்சையும் சிவப்பும், மக்காவின் திசையில் உள்ள கிப்லாச் சுவரில் செறிந்திருக்க, மற்ற சுவர்கள் பெரும்பாலும் வெறுமையாக விடப்பட்டிருக்கின்றன. அந்த அளவறிந்த அழகுக்காகவே நகரின் பெரிய மசூதிகளைவிட இதை நான் உயர்வாக மதிக்கிறேன்.

செலிமின் மகன் மூன்றாம் முராத் அரியணை ஏறியபின் அரண்மனையில் பாஷாவின் எதிரிகள் வலுப்பெற்றார்கள். அவருடைய ஆட்கள் ஒவ்வொருவராகப் பதவி இழந்தார்கள். பதவியில் இருந்தபடியே, 1579 அக்டோபரில் மனு கொடுக்க வந்தவன்போல் நெருங்கிய ஒருவனால் கத்தியால் குத்தப்பட்டு அவர் இறந்தார். எயூப் பகுதியில் சினான் கட்டிய கல்லறை மண்டபத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். 14 ஆண்டுகள் ஒருவரே வகித்த அப்பதவி, முராதின் எஞ்சிய ஆட்சிக்காலத்தில் அடுத்தடுத்துக் கைமாறிக்கொண்டே இருந்தது.