ஏப்ரல் 9: அப்போமாட்டக்ஸில் ஒரு வீடு

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத் தலைநகர் ரிச்மண்டிலிருந்து மேற்கே காரில் இரண்டு மணி நேரத்துக்குள் அப்போமாட்டக்ஸ் கோர்ட் ஹவுஸ் போய்விடலாம். அமெரிக்க உள்நாட்டுப் போரின் கடைசிக் கட்டத்தில், 1865 ஏப்ரலில், பிரிந்துபோன தென் மாநிலங்களுக்காகப் போரிட்ட தளபதி ராபர்ட் லீயின் படை, பீட்டர்ஸ்பர்க் அரண்களைக் கைவிட்டு, அரைப் பட்டினியோடு ஒரு வாரம் நடந்து கடைசியாக மாட்டிக்கொண்ட இடம். இப்போது அது தேசியப் பூங்கா. மரவேலி, மண் பாதை, சில பழைய கட்டடங்கள், சுற்றிலும் புல்வெளி.

எல்லோரும் பார்க்க வருவது வில்மர் மெக்லீனின் செங்கல் வீட்டை. 1861இல் மனாசஸ் பக்கம் போர் தொடங்கியபோது அவர் வீட்டு அடுப்படியிலேயே பீரங்கிக் குண்டு விழுந்தது. அப்புறம் குடும்பத்தோடு இந்த ஊருக்கு வந்தார். 1865 ஏப்ரல் 9 மதியம், வடக்கின் தளபதி கிராண்டைச் சந்தித்து லீ சரணடைந்தது மெக்லீனின் வரவேற்பறையில்தான். லீ பளிச்சென்ற சீருடையில், வாளோடு. கிராண்ட் சேறு படிந்த பூட்ஸோடு. பேச்சு சுமார் ஒன்றரை மணி நேரம்.

முடிந்ததும் வடக்கு அதிகாரிகள் நினைவுப்பொருளாக அறையிலிருந்த சாமான்களை எடுத்துக்கொண்டு போனார்கள். மெக்லீன் மகளின் துணிப்பொம்மை கூடத் தப்பவில்லை. வீட்டையே 1893இல் வாஷிங்டனுக்குக் கொண்டுபோகப் பிரித்துப் போட்டார்கள். பணம் தீர்ந்ததால் அது மழையில் கிடந்து வீணானது. நாம் பார்ப்பது 1940களில் அதே அடித்தளத்தின் மேல் திரும்பக் கட்டியது.

அந்தச் சின்ன அறையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது நான் நினைத்தது கிராண்டின் நிபந்தனைகளைத்தான். யாரையும் சிறைப்பிடிக்கவில்லை. ஆயுதத்தை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். சொந்தக் குதிரை வைத்திருந்த சிப்பாய்கள் வசந்த கால உழவுக்கு அதைக் கொண்டுபோகலாம். பசித்திருந்த லீயின் ஆட்களுக்கு 25,000 பேருக்கான உணவு அனுப்ப உத்தரவு. வெற்றியைக் கொண்டாட பீரங்கி முழங்கத் தொடங்கியதும் கிராண்ட் நிறுத்தச் சொன்னார். தோற்றவனை இப்படி நடத்திய தளபதிகள் வரலாற்றில் குறைவு என்றே நினைக்கிறேன்.

அதே நாள் காலைச் சண்டையில் ஹன்னா ரெனால்ட்ஸ் என்ற அடிமைப் பெண் மீது பீரங்கிக் குண்டு பாய்ந்தது. மூன்று நாள் கழித்து இறந்தார். இடையில் லீ சரணடைந்துவிட்டதால், சுதந்திரம் பெற்றவராகத்தான் இறந்தார் என்பது 2015 வாக்கில்தான் பழைய பதிவிலிருந்து வெளியே வந்தது. இங்கே வருபவர்கள் அவர் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதே ஏப்ரல் 9 அமெரிக்க ராணுவத்துக்கு இன்னொரு முறையும் வந்தது. 1942இல், அப்போது அமெரிக்க ஆட்சியின் கீழிருந்த பிலிப்பைன்ஸின் பதான் தீபகற்பத்தில் தளபதி எட்வர்ட் கிங், பசியாலும் மலேரியாவாலும் துவண்டிருந்த 75,000க்கும் மேற்பட்டோரோடு ஜப்பானியரிடம் சரணடைந்தார். கிங் அட்லாண்டாக்காரர். லீ சரணடைந்ததும் இதே தேதிதான் என்பது அப்போது அவர் நினைவுக்கு வந்ததாம். என் ஆட்களை ஒழுங்காக நடத்துவீர்களா என்று கேட்டார். நாங்கள் காட்டுமிராண்டிகள் அல்ல என்று பதில் வந்தது. அதன்பின் நடந்தது பதான் மரண நடை. சுமார் 100 கிலோமீட்டர் வெயிலில் நடக்க வைத்தார்கள். தண்ணீருக்கு ஒதுங்கியவர்களைத் துப்பாக்கிக் கத்தியால் குத்தினார்கள். ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள்.

அவர்களில் பெரும்பாலோர் பிலிப்பினோக்கள். பிலிப்பைன்ஸில் ஏப்ரல் 9 இன்றும் வீர தினம், பொது விடுமுறை. அமெரிக்காவோ, தன் கொடியின் கீழ் போரிட்ட அந்த வீரர்களுக்குச் சேர வேண்டிய சலுகைகளை 1946இல் ஒரு சட்டம் போட்டுப் பறித்தது. 2009இல்தான் ஒரு தொகை கொடுக்க முன்வந்தது: அமெரிக்கக் குடிமகனாக இருந்தால் 15,000 டாலர், இல்லையென்றால் 9,000. அதற்குள் பெரும்பாலோர் உயிரோடு இல்லை. எதிரிக்கு உழவுக் குதிரையை விட்டுக்கொடுத்த ராணுவம், தன் பக்கம் நின்றவர்களை 60 வருடத்துக்கும் மேல் காக்க வைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை.