சொன்னது 30,000, கட்டியது 1,08,000

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலர். பீஸ் ரேட், சனிக்கிழமை சம்பளம். 2022-ல் மகளை இன்ஜினியரிங் சேர்க்க நான் அலைந்த அலைச்சல், இனிமேல் பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

அவளுக்கு கட்ஆஃப் 200-க்கு 168. கோவை ஜிசிடி மாதிரி அரசுக் கல்லூரியில் அவள் ஆசைப்பட்ட இசிஇ (எலக்ட்ரானிக்ஸ்) பிரிவுக்கு அது போதாது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்திருந்தால் கல்லூரிச் செலவை அரசே ஏற்றிருக்கும். ஆனால் ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். நான் ஆறாவதும் ஏழாவதும் கடன் வாங்கி மெட்ரிக் பள்ளியில் படிக்கவைத்து, அப்புறம் கட்ட முடியாமல் எட்டாவதில் அரசுப் பள்ளிக்கு மாற்றியவன். அப்போது இப்படி ஒரு ஒதுக்கீடே கிடையாது, இன்ஜினியரிங்குக்கு 2021-ல்தான் வந்தது. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் அதே விதி. அந்த இரண்டு வருடத்தை நினைத்தால் இன்னும் நெஞ்சு அடைக்கிறது.

சரி, குடும்பத்திலேயே முதலில் பட்டம் படிக்கிற பிள்ளைக்குத் தரும் முதல் பட்டதாரி சலுகையாவது வாங்கலாம் என்று இ-சேவை மையத்தில் அதற்கும் வருமானச் சான்றுக்கும் பதிந்தேன். விஏஓ ஆபீசில், "ஏனுங்ணா, சம்பளச் சீட்டு இருக்குதுங்களா?" என்றார்கள். பீஸ் ரேட்காரனுக்கு ஏதுங்க சீட்டு? கம்பெனி மேஸ்திரியிடம் கெஞ்சி ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்து, மூன்று நாள் வேலையை விட்டு அலைந்துதான் இரண்டும் கைக்கு வந்தது.

கவுன்சிலிங்கில் கோவைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரி கிடைத்தது. கட்டணம் 55,000, அதில் முதல் பட்டதாரிக்கு 25,000 கழிவு. மீதி 30,000 தானே, சீட்டுப் பணத்தில் கட்டிவிடலாம் என்று போனேன். அங்கே கொடுத்த தாளில் பஸ் 28,000, டிரெயினிங் 20,000, புத்தகம் யூனிஃபார்ம் 14,000, இதர கட்டணம் என்று இன்னொரு 16,000. மொத்தம் 1,08,000. டிரெயினிங் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், எல்லாருக்கும் கட்டாயம் என்றார்கள். வீட்டுக்காரம்மா தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள்.

அடுத்து கல்விக் கடன். முதலில் போன வங்கிக் கிளையில் "காடு தோட்டம் ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 7.5 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது என்பதே அப்போது எனக்குத் தெரியாது. வித்யாலட்சுமி என்ற கல்விக் கடன் இணையதளத்தில் மகளே பதிந்தாள், அப்போது ஒரே விண்ணப்பத்தில் மூன்று வங்கிகளுக்குப் போட முடிந்தது. மூன்று மாதம் கழித்து இரண்டாவது வங்கி கூப்பிட்டது. முக்கியமாக ஒன்று சொல்கிறேன்: கல்லூரி கொடுக்கும் கட்டண விவரக் கடிதத்தில் பஸ், டிரெயினிங் உட்பட எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். எனக்கு முதலில் படிப்புக் கட்டணம் மட்டும் போட்டுக் கொடுத்ததால் திரும்ப ஒருமுறை போய் வாங்க வேண்டியதாயிற்று. வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் படிக்கும் காலத்துக்கும் அதற்கப்புறம் ஒரு வருடத்துக்கும் வட்டி மானியம் உண்டு, அதற்கும் வருமானச் சான்று வேண்டும், மறக்காமல் கேளுங்கள்.

கல்லூரிக் கட்டணத்தைக் குறைக்க வேண்டுமா என்று கேட்டால், குறைத்தே ஆக வேண்டும் என்பேன். படிப்புக் கட்டணத்துக்கு அரசு வரம்பு வைத்திருக்கிறது, நல்லதுதான். ஆனால் அந்த வரம்புக்கு வெளியே பஸ், டிரெயினிங், இதர என்று அதைவிட அதிகமாக வாங்க முடிகிறபோது 25,000 கழிவு எங்கே போய்ச் சேர்கிறது? மொத்த ரசீதுக்கும் சேர்த்து வரம்பு வேண்டும், கவுன்சிலிங்கில் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே அந்த மொத்தத் தொகை கண்ணில் பட வேண்டும்.

மகளுக்கு வாங்கிவிட்டதால் அவள் தம்பிக்கு முதல் பட்டதாரி சலுகை கிடையாது. அவனை ஆறாவதிலேயே எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டேன்.