14 நாட்களுக்குள் ஒரு மனு

திருகோணமலை மேல் நீதிமன்றம் பக்கத்து வீட்டு மாமியின் மகனுக்கு ஹெரோயின் வழக்கில் ஆயுள் தண்டனை விதித்த அன்று மாலை, மாமி சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த துண்டுக் காகிதத்தை என்னிடம் நீட்டினார். சட்டத்தரணி அதில் எழுதியிருந்தது ‘14 நாள்’ என்பது மட்டுமே. அதற்குள் மேன்முறையீட்டு மனுவைத் தீர்ப்பளித்த நீதிமன்றத்திலேயே சமர்ப்பிக்க வேண்டும். அதை விசாரிப்பது கொழும்பு புதுக்கடையிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம்.

“தண்டனை கூடிப்போச்சு, குறைக்கச் சொல்லுங்கோ தம்பி” என்றார் மாமி. அவரிடம் சொல்லக் கடினமாக இருந்த உண்மை வேறு. இலங்கையின் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்திய 1984ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின்படி, 2 கிராம் அல்லது அதற்கு மேற்பட்ட ஹெரோயினை உடைமையில் வைத்திருந்தமை நிரூபிக்கப்பட்டால், மரணம் அல்லது ஆயுள் என்ற இரண்டே தண்டனைகள்தாம் உண்டு. ஆகவே இரக்கம் கோருவதால் மட்டும் பயனில்லை. குற்றத்தீர்ப்பையே அசைக்க வேண்டும். கைப்பற்றப்பட்ட பொதி முத்திரையிடப்பட்டு அரச இரசாயனப் பகுப்பாய்வாளரிடம் சேரும்வரை யார் யார் கையில் இருந்தது, அதிலிருந்த தூய ஹெரோயினின் நிறை எவ்வளவு என்பவற்றைச் சாட்சியக் குறிப்புகளில் வரிவரியாகத் தேட வேண்டும். ஒரு தேக்கரண்டியை நிரப்பாத தூளுக்கு ஒரு முழு ஆயுள் என்பதை என் மனம் இன்னும் நீதியென்று ஏற்கவில்லை.

மறுநாள் காலை, தீர்ப்பின் பிரதிக்கு விண்ணப்பிக்க மாமியுடன் பதிவாளர் அலுவலகத்துக்குப் போனேன்.