எட்டு மெய்ப்பாடுகளும் ஒரு சனிக்கிழமை வகுப்பும்

1980களில் தமிழ்த் தொடக்கப்பள்ளியிலிருந்து, பினாங்கில் உள்ள மலாய்வழி இடைநிலைப் பள்ளியான நம் பள்ளிக்கு வந்த எங்களில் பெரும்பாலோர், மலாய் மொழியில் தேர்ச்சி பெறுவதற்காகப் புகுமுக வகுப்பில் ஓராண்டு பயின்ற பிறகே படிவம் ஒன்றுக்குச் சென்றோம். அந்த ஓராண்டு எங்களுக்கு மொழியைக் கற்றுத் தந்தது உண்மை. ஆனால், எங்களைவிட ஒரு வயது இளையவர்களோடு அமர்ந்து, அவர்கள் தங்குதடையின்றி வாசிக்கும் பாடத்தை நாங்கள் தடுமாறி வாசித்தபோது எழுந்த வெட்கத்தையும் சினத்தையும் என்ன செய்வது என்பதற்கு எந்தப் பாடத்திட்டத்திலும் இடம் இருக்கவில்லை. அதற்கு இடம் தந்தது எங்கள் தமிழாசிரியை நடத்திய சனிக்கிழமை வகுப்பு. இன்று மெல்பர்னில் பதின்ம வயதினருக்கு ஆலோசகராகப் பணியாற்றும் நான், உணர்வுகளை அறிந்து கையாளும், உணர்வுசார் நுண்ணறிவு என்று வழங்கும் திறனை முதன்முதலில் எங்கே பெற்றேன் என்று கேட்டால் அந்த வகுப்பையே சொல்வேன்.

வெளிநாட்டில் பிறந்த நம் பிள்ளைகளும் முன்னாள் மாணவியர் சங்கத்தின் இம்மலரைப் படிக்கக்கூடும் என்பதால் சிறு விளக்கம். குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தேசிய இடைநிலைப் பள்ளியில் தாய்மொழி வகுப்பு நடத்தலாம் என்பது மலேசியக் கல்விச் சட்டத்தின் ஏற்பாடு. பி.ஓ.எல். என்று நாங்கள் அழைத்த அந்த வகுப்பு வழக்கமான கால அட்டவணைக்கு வெளியே நடந்ததால், ஜெலுத்தோங்கிலிருந்தும் ஆயர் ஈத்தாமிலிருந்தும் மாணவிகள் விடுமுறை நாளில் பேருந்தேறி வர வேண்டியிருந்தது. அப்போது படிவம் மூன்றில் எழுதிய எஸ்.ஆர்.பி. தேர்வுக்குரிய பகுதியை முடித்ததும், எஞ்சிய நேரத்தில் தேர்வுக்கு வராத ஒன்றை டீச்சர் கரும்பலகையில் எழுதுவார். அது, உள்ளத்து உணர்வுகள் உடலில் வெளிப்படுவதைப் பேசும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல்.

நகை (சிரிப்பு), அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (சினம்), உவகை என்று உணர்வுகளை எட்டாக வகுத்த தொல்காப்பியர், ஒவ்வொன்றும் எதனால் பிறக்கிறது என்று நான்கு நான்கு காரணங்களையும் கூறுகிறார். அழுகை இளிவு (பிறரால் இகழப்படுதல்), இழவு, அசைவு (நிலை தாழ்தல்), வறுமை ஆகியவற்றால் பிறக்கும். பெருமிதம் கல்வி, தறுகண் (அஞ்சாமை), இசைமை (புகழ்), கொடை ஆகியவற்றால் பிறக்கும். கவிதையை ஆராய்வதற்காகச் சொல்லப்பட்ட இவற்றை டீச்சர் எங்கள் மனத்தை நாங்களே ஆராய்வதற்குக் கையளித்தார். இலக்கணத்தை இப்படிக் கையாளலாமா என்று புலவர்கள் கேட்கலாம். பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பயனுள்ள இலக்கணப் பாடம் வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

அது எவ்வாறு நடந்தது என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். மலாய்ப் பாடத்தை உரக்க வாசித்தபோது வகுப்பே சிரித்ததால், என் தோழி ஒருத்தி புத்தகத்தை மேசையில் வீசிவிட்டு வெளியேறித் தண்டனையும் பெற்றிருந்தாள். அந்தச் சனிக்கிழமை டீச்சர் அவளைக் கண்டிக்கவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. எட்டில் எது என்று கேட்டார். வெகுளி என்றாள். உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்ற நான்கையும் பலகையில் எழுதி, யாராவது உன் உறுப்பை அறுத்தார்களா, உன் குடும்பத்தாருக்குக் கேடு செய்தார்களா, அடித்தோ வைதோ அலைக்கழித்தார்களா, கொல்ல வந்தார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் அவள் இல்லை என்று தலையசைத்தாள். அப்படியானால் வெகுளிக்குப் பின்னால் வேறொன்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிவிட்டு, அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். நெடுநேரம் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்த அவள், அழுகைக்கு நேரே எழுதியிருந்த இளிவு என்பதைச் சுட்டிக் காட்டினாள். அதன் பிறகுதான் அவளுக்குக் கண்ணீர் வந்தது.

டீச்சர் அத்தோடு நிறுத்தவில்லை. நகைக்கும் எள்ளல் (இகழ்ச்சி), இளமை, பேதைமை, மடன் என நான்கு காரணங்கள் உண்டே, சிரித்தவர்கள் எல்லாரும் எள்ளித்தான் சிரித்தார்களா என்று கேட்டார். சற்று யோசித்து, இருவர் எள்ளினார்கள், மற்றவர்கள் அவர்களைப் பார்த்துச் சிறுபிள்ளைகளாகச் சிரித்தார்கள் என்றாள் தோழி. “அப்ப அந்த ரெண்டு பேர மட்டும் தனியா வச்சுக்க. மத்தவங்களோட உனக்கு என்ன சண்டை?” என்றார் டீச்சர். சிரித்தவர்களில் ஒருத்தியான சீன மாணவியே பின்னர் அவளுக்கு மலாய் வாசிக்க உதவினாள். அவர்களுடைய நட்பு இன்றும் தொடர்கிறது.

உளவியலாளர்கள் பீட்டர் சாலவேயும் ஜான் மேயரும் 1990-இல் வெளியிட்ட கட்டுரையில், தன் உணர்வுகளையும் பிறர் உணர்வுகளையும் கவனித்து, அவற்றை வேறுபடுத்தி அறிந்து, அந்த அறிவைக் கொண்டு சிந்திக்கவும் செயல்படவும் வல்ல திறனே உணர்வுசார் நுண்ணறிவு என்று வரையறுத்தார்கள். ஆலோசகர் பயிற்சியில் அதைப் படித்தபோது எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. மூளையில் அச்சத்தையும் அச்சுறுத்தலையும் உடனே உணரும் அமிக்டலா பதின்ம வயதில் விரைந்து செயல்படுகிறது. அதை நெறிப்படுத்தும், நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதியோ இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கிறது. சினமோ அச்சமோ தெரியும் முகங்களின் படங்களைப் பார்ப்பவர்கள் அவ்வுணர்வுக்குரிய பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது அமிக்டலாவின் செயற்பாடு தணிவதை உளவியலாளர் மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007-இல் பதிவு செய்தனர். பலகையில் இருந்த எட்டுப் பெயர்கள் எங்களுக்கு என்ன செய்தன என்பதை அதைப் படித்தபோது விளங்கிக்கொண்டேன்.

தைப்பூசத்தன்று முருகன் கோயில் உள்ள தண்ணீர்மலைக்குச் செல்லும் வழியில் இருந்த தண்ணீர்ப் பந்தலுக்கும் டீச்சர் எங்களை அழைத்துச் செல்வார். மோர் ஊற்றுவதற்கு முன் எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஒரே கட்டளை. பால்குடம் சுமந்து வருபவருக்கு வழி விடுவதே உதவி என்பதும், பிள்ளையைத் தோளில் தூக்கி வரும் தாய்க்கு மோரைவிட உட்காருவதற்கு நாற்காலியே முதலில் தேவை என்பதும் யாரும் சொல்லாமலே எங்களுக்குப் புரியத் தொடங்கின.

இந்தப் பழக்கம் என்னுடன் வீட்டுக்கும் வந்தது. பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் இரவு ஷிப்ட் முடித்து வரும் அம்மா, காலையில் அற்பக் காரணங்களுக்கெல்லாம் எங்கள்மீது எரிந்து விழுவார். ஒருநாள், அவர் முகத்தைக் கவனித்து, “வேலை இடத்துல ஏதும் நடந்துச்சாம்மா?” என்று கேட்டேன். அம்மா வியப்போடு என்னைப் பார்த்தார். “எல்லார் முன்னாலயும் சூப்பர்வைசர் ஏசிட்டாருடி,” என்றார். என் தோழிக்கு வகுப்பறையில் நேர்ந்ததே என் அம்மாவுக்கும் நேர்ந்திருந்தது. அதை அறிந்த பிறகு அவருடைய கோபத்தைக் கண்டு நான் அஞ்சவில்லை.

பெண்பிள்ளைகள் அடக்கமாக இருந்தால் அவர்கள் உள்ளம் பக்குவப்பட்டுவிட்டது என்று நம் குடும்பங்கள் எண்ணுகின்றன. இதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். என்னிடம் வரும் மிக அமைதியான பிள்ளைகளுள் பலர், தமக்குள் என்ன நிகழ்கிறது என்பதை ஒருவரிடமும் சொல்ல இயலாதவர்களாக இருக்கிறார்கள். அதேபோல, உணர்வுசார் நுண்ணறிவு பற்றிய டேனியல் கோல்மனின் நூல் 1995-இல் வெளிவந்த பிறகு பரவிய அரைநாள் பயிலரங்குகளிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு பெரியவர் வாரந்தோறும் அருகிருந்து, கேட்ட கேள்விக்கு விடை வரும்வரை பொறுத்திருப்பது வேறு. அதற்கு ஆண்டுகள் வேண்டும்.

நம் சங்கம் ஆண்டுதோறும் படிவம் ஐந்தின் எஸ்.பி.எம். தேர்வில் சிறப்புத் தேர்ச்சி பெறும் மாணவிகளுக்குப் பரிசளித்து வருகிறது. அந்நிதியில் ஒரு பகுதியைக் கொண்டு, பள்ளி நிர்வாகத்தின் இசைவுடன், தமிழ்ப்பள்ளியிலிருந்து புதிதாக வரும் மாணவிகளோடு சனிக்கிழமைகளில் பினாங்குக் கிளை உறுப்பினர்கள் அமர்ந்து பேச ஏற்பாடு செய்ய வேண்டும் என்று வரும் பொதுக்கூட்டத்தில் முன்மொழிய இருக்கிறேன். வழிமொழியவும் தொடர்ந்து வந்து உதவவும் விரும்பும் தோழியர், கூட்டத்துக்கு முன்பே செயலாளரிடம் பெயர் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.